மணலில் காலடி பார்த்தவர்கள்

பெய்ஜிங் அருகே பாடாலிங்கில், சீனப் பெருஞ்சுவரின்மேல் நின்று எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பிய அன்று இரவே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. படத்தில் எனக்குப் பின்னால் சுவர் மலைமுகட்டைப் பற்றிக்கொண்டு ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி, மூட்டத்துக்குள் மறைகிறது. "நன்றாக இருக்கிறதம்மா" என்றவர் சற்று நிறுத்தி, "இவ்வளவு பெரிய சுவரைக் கட்டியும் எதிரி உள்ளே வந்துவிட்டான் என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியென்றால் அது எதற்கு?" என்று கேட்டார். அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். வயல்வெளிக்கு நடுவே ஒரு லெவல் கிராசிங், ஒரு சின்ன அறை, ஒரு தொலைபேசி, பச்சையும் சிவப்பும் காட்டும் கைவிளக்கு, ஒரு பதிவேடு. காவல் காப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் கேட்கும் கேள்வியை, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் ஒரு சிரிப்போடு தள்ளிவிட முடியாது. "தெரியவில்லை அப்பா, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அதைச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது.

அன்று பகலிலேயே வேறொன்றும் உறுத்தத் தொடங்கியிருந்தது. எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் சுவரின்மேல் உள்ளங்கையை வைத்து, "இது பேரரசர் சின் ஷி ஹுவாங் கட்டியது, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை" என்றார். அவர் கைவைத்திருந்தது சுட்ட செங்கல். அந்தக் கோட்டை எழுந்தது 1505-இல், மிங் அரசர்களின் காலத்தில். நாங்கள் நின்றிருந்த நடைபாதை 1950களின் இறுதியில் சீர்செய்யப்பட்டது. சின் காலத்துச் சுவர் ஓடிய வழியோ அங்கிருந்து வெகு வடக்கே. அந்த இளைஞர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் நானும் அதைத்தான் படித்து மதிப்பெண் வாங்கினேன். ஆனால் பதினாறாம் நூற்றாண்டுச் செங்கல்லைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசரின் பெயரால் அழைக்கும்போது, நடுவில் உள்ள ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளும் அதில் வாழ்ந்து செத்த மனிதர்களும் எங்கே போனார்கள் என்ற கேள்வி அன்றைக்கே மனத்தில் விழுந்துவிட்டது. அப்பாவின் கேள்வியும் இதுவும் ஒரே கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எந்தச் சுவர்?

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். சீனப் பெருஞ்சுவர் என்று ஒரு சுவர் கிடையாது. பல சுவர்கள் இருந்தன. சீனர்கள் 'சாங்செங்' என்கிறார்கள். நீண்ட சுவர் என்று பொருள். அந்த நீண்ட சுவர்களில் மிகப் பழையவை வடக்கு மேய்ச்சல்நிலத்து மக்களைத் தடுக்கக் கட்டப்பட்டவையே அல்ல. இன்றைய ஷாண்டோங் மாநிலத்தில் சி நாடு கட்டிய சுவர் தெற்கே இருந்த இன்னொரு சீன நாட்டைப் பார்த்து நின்றது. சூ, வெய், சாவோ, யான் என்று அன்றைய அரசுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று எதிராகவும் சுவர் எழுப்பிக்கொண்டன. கி.மு. 221-இல் அந்த அரசுகளை எல்லாம் விழுங்கித் தன் கீழ்க் கொண்டுவந்த சின் பேரரசர், உள்நாட்டுச் சுவர்களை இடிக்கச் சொன்னார். வடக்கு எல்லையில் இருந்த பழைய சுவர்களை இணைக்கச் சொன்னார். அவற்றில் பெரும்பகுதி கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை. பலகைச் சட்டங்களுக்கு நடுவே மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கிய மண்சுவர்.

சீனத் தொல்லியல் துறையினர் எல்லாக் காலத்துச் சுவர்களையும் அகழிகளையும் சேர்த்து அளந்து 2012-இல் வெளியிட்ட நீளம் 21,196 கிலோமீட்டர். மிங் காலத்தது மட்டும் 8,851 கிலோமீட்டர். அதிலும் கால்பங்கு இயற்கையாக அமைந்த மலையும் ஆறும்தான். நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் என்ற பேச்சை 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் முடித்துவைத்தார். பூமியைச் சுற்றிவிட்டு இறங்கியவரிடம் கேட்டபோது, தனக்குச் சுவர் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்த வரலாற்றில் என்னை முதலில் தடுத்து நிறுத்தியவர் மெங் தியன். சின் பேரரசரின் தளபதி. கி.மு. 215-இல் மூன்று லட்சம் பேரோடு வடக்கே போய், சியோங்னு என்னும் குதிரை வீரர் கூட்டத்தை விரட்டிவிட்டு, சுவர்களை இணைத்தவர் அவர்தான். கி.மு. 210-இல் பேரரசர் இறந்ததும் அரண்மனையில் நடந்த சூழ்ச்சியில், பொய்யாக எழுதிய ஓர் ஆணை வந்து அவரைச் சாகச் சொன்னது. வானத்துக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று புலம்பிய மெங் தியன், வெகுநேரம் யோசித்துத் தானே ஒரு விடை கண்டுபிடித்தார். லின்தாவோவில் தொடங்கி லியாவோதோங் வரை பத்தாயிரம் லீ (சீனர்களின் தொலைவு அளவு) தூரத்துக்கும் மேல் சுவரும் பள்ளமுமாக வெட்டியிருக்கிறேன்; எங்காவது பூமியின் நரம்பை அறுத்திருப்பேன்; அதுதான் என் குற்றம் என்று சொல்லி நஞ்சு குடித்தார். இதை நமக்குச் சொல்பவர், அதற்குப் பிறகு நூறு ஆண்டு கழித்து 'ஷிஜி' என்னும் வரலாற்றை எழுதிய சீமா சியென்.

சீமா சியென் அதோடு நிறுத்தவில்லை. நான் அந்த எல்லைக்குப் போயிருக்கிறேன், மலையைக் குடைந்து பள்ளத்தாக்கை நிரப்பிப் போட்ட சாலை வழியாகத் திரும்பி வந்திருக்கிறேன், மெங் தியன் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன் என்கிறார். பிறகு தன் தீர்ப்பைச் சொல்கிறார். மக்களின் உழைப்பை அவர் துச்சமாக நினைத்தார். போர் அப்போதுதான் முடிந்திருந்தது, காயம்பட்டவர்களின் காயம்கூட ஆறவில்லை. பெரிய தளபதியான அவர் அரசனிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். முதியவர்களையும் அநாதைகளையும் காப்பாற்றியிருக்க வேண்டும். அரசன் மனம்போல ஆடி வேலைவாங்கியவர் செத்ததில் வியப்பென்ன? பூமியின் நரம்பின்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? இந்தப் பகுதியை முதன்முறை படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் கட்டி ஒரே நூற்றாண்டில், அதன் அடியில் நின்று பார்த்த ஒரு சீனர், அது அறுத்தது மண்ணை அல்ல, மனிதர்களை என்று எழுதிவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாம் ஏன் இன்னும் பிரமித்து நிற்பதோடு முடித்துக்கொள்கிறோம்?

பிறகு வந்தவர்கள் அதைக் கேட்டு நடந்ததாகவும் தெரியவில்லை. 607-இல் சூயி பேரரசர் சுவர் வேலைக்கு இழுத்துவந்த ஆண்கள் பத்து லட்சத்துக்கும் மேல், அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்று அந்த வம்சத்தின் வரலாற்றேடே சொல்கிறது. சாதாரண மக்கள் தங்கள் பங்குக்கு மெங் ஜியாங் என்ற பெண்ணின் கதையை நினைவில் வைத்துக்கொண்டார்கள். சுவர் வேலைக்குப் பிடித்துப்போன கணவனுக்குக் குளிர்காலத் துணி எடுத்துக்கொண்டு நடந்தே போகிறாள். அவன் இறந்துவிட்டான் என்று கேட்டு அழுகிறாள். அந்த அழுகையில் சுவர் சரிந்து உள்ளே புதைந்திருந்த எலும்புகள் வெளியே வருகின்றன. இந்தக் கதையின் வேர், சின் காலத்துக்கும் முந்நூறு ஆண்டு முன்னால், போரில் கணவனை இழந்த வேறொரு பெண்ணைப் பற்றிய சிறு குறிப்பு. அதில் சுவரே கிடையாது. நூற்றாண்டுகள் போகப்போக மக்கள் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சுவரடியில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு அவள் அங்கே தேவைப்பட்டாள்.

நாணல்

இவ்வளவு படித்த பிறகும் அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. கொடுமை என்பது தெரிந்தது. எதற்கு என்பது தெரியவில்லை. பெருமை என்பவர்கள் ஒரு பக்கம், வீண் வேலை என்பவர்கள் ஒரு பக்கம். இரண்டுமே தொலைவில் நின்று சொல்வதாகப் பட்டது. போன வருடம் இலையுதிர்காலத்தில் வேலை நிமித்தமாக மறுபடி சீனா போக வாய்த்தபோது, பெய்ஜிங் பக்கமே போகாமல் மேற்குக் கோடிக்கு, டுன்ஹுவாங்குக்கு, டிக்கெட் வாங்கினேன்.

டுன்ஹுவாங்கிலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் யூமென் என்னும் பழைய எல்லை வாசல் இருக்கிறது. போகும் வழியெல்லாம் கறுத்த சரளைக்கல் பரந்த கோபி. மரம் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் மழைதான் அங்கே பெய்கிறது. யூமெனில் நின்றிருக்கும் சதுரமான மண்கோட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் சில கிலோமீட்டர் போனால், சின் மரபுக்குப் பின் வந்த ஹான் மரபின் காலத்துச் சுவர். கி.மு. 121-இல் ஹான் படைகள் சியோங்னுவிடமிருந்து இந்த வழித்தடத்தைப் பறித்த பிறகு, பேரரசர் வூ மேற்கு நோக்கி நீட்டிக்கொண்டே வந்த காவல் வரிசை இது. மிகவும் நன்றாக நிற்கும் இடத்தில்கூட உயரம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கம்பி வேலி, ஓர் அறிவிப்புப் பலகை. என்னோடு வேனில் வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

நான் வேலியோரம் குனிந்து பார்த்தேன். சுவரில் நாணல் இருந்தது. ஒரு சாண் சரளை, அதன்மேல் ஒரு படுகை நாணல், மறுபடி சரளை, மறுபடி நாணல் என்று அடுக்கு அடுக்காகச் சுவர் ஏறுகிறது. இந்தப் பாலைவனத்தில் களிமண் அரிது. பக்கத்தில் சூலே ஆற்றின் சதுப்பும் அதில் நாணலும்தான் உண்டு. இருந்ததை வெட்டி, கட்டி, பரப்பி, உப்பு நீர் தெளித்ததுபோல் இறுகும் அந்தச் சரளையை மேலே கொட்டிக் கட்டிவிட்டார்கள். வெட்டிய நாணலின் நுனிகள் சுவர் முகத்தில் துருத்திக்கொண்டு தெரிகின்றன. இரண்டாயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய நாணல். போன மாதம் வேய்ந்து வெயிலில் வெளுத்த கூரைபோல இருக்கிறது. ஒரு தண்டின் நுனியில் அரிவாள் சாய்ந்து பட்ட வெட்டுகூடத் தெரிவதுபோல எனக்குத் தோன்றியது.

சற்றுத் தள்ளி இன்னொன்றைப் பார்த்தேன். சுவரை விட்டு விலகி, தனியாக, ஆளுயரத்துக்குக் குறைவான குவியல்கள். கட்டுக்கட்டாக நாணலையும் புதர்க் குச்சிகளையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தார்கள். காற்றில் பறந்த மணல் அவற்றின்மேல் படிந்து கல்போல ஆகியிருந்தது. பலகையைப் படித்த பிறகுதான் புரிந்தது. அவை விறகு. எதிரி வந்தால் கொளுத்த வேண்டிய தீக்குறிக்காக அடுக்கிவைத்த விறகு. இங்கே அந்தக் குவியல்கள் கொளுத்தப்படாமலே இருந்துவிட்டன. யாரோ ஒருவன் சதுப்புக்குப் போய் வெட்டி, சுமந்து வந்து, மேலதிகாரி சொன்ன அளவில் அடுக்கி, எண்ணிக் கணக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தபடியே நின்றிருக்கிறான். அவனுடைய முறையில் அதற்குத் தேவை வரவில்லை. அவனுக்கு அடுத்து வந்தவனுக்கும் வரவில்லை.

எனக்கு அப்பாவின் கேட் அறை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தகரப் பெட்டியில் டெட்டனேட்டர்கள் இருக்கும். தண்டவாளத்தில் ஆபத்து என்றால் ரயில் வரும் திசையில் ஓடிப்போய் அவற்றை வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநருக்கு எச்சரிக்கை கொடுக்கும். முப்பத்தொரு வருடத்தில் அப்பா ஒருமுறைகூட அவற்றைப் பயன்படுத்தியதில்லை. ஆனால் எத்தனை இருக்கின்றன என்று எண்ணாமல் ஒருநாளும் வேலையை ஏற்றுக்கொண்டதில்லை. அந்த நாணல் குவியலின் முன்னால் நின்றபோது, நான்கு வருடமாக நான் சுவரையே பார்த்துக்கொண்டு பார்க்க வேண்டியதைத் தவறவிட்டிருக்கிறேன் என்று உணர்ந்தேன். இங்கே சுவர் துணைப்பொருள். உண்மையான வேலை, கண் விழித்திருப்பது.

ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம்

1907-இல் இந்தப் பாலைவனத்தில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் காவல் கோபுரங்களின் குப்பைமேடுகளைத் தோண்டியபோது, எழுத்துள்ள மரத்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. 1930-இல் சீன-சுவீடன் கூட்டுக் குழுவில் இருந்த ஃபோல்கே பெர்க்மான், வடகிழக்கே ஜுயான் என்னும் இடத்தில் சுமார் 10,000 துண்டுகளைக் கண்டெடுத்தார். 1970களில் அதே பகுதியில் மேலும் சுமார் 20,000 கிடைத்தன. காகிதம் பரவுவதற்கு முந்தைய காலம். நமக்கு ஓலைச்சுவடி எப்படியோ அப்படி அவர்களுக்கு மரச்சுவடி. ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம், கயிற்றால் கோத்துச் சுருட்டி வைப்பார்கள். டுன்ஹுவாங்கிலிருந்து திரும்பும் வழியில் லான்சோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்தேன். தூரிகையால் எழுதிய கறுப்பு மை இன்னும் மங்கவில்லை. ஊர் திரும்பியதும் கிடைத்த மொழிபெயர்ப்புகளை எல்லாம் தேடிப் படித்தேன்.

போர்க்கதை அவற்றில் மிகக் குறைவு. கணக்கு, கணக்கு, கணக்கு. ஒரு காவலனுக்கு மாதத் தானியம் இவ்வளவு, உப்பு மூன்று படி. குடும்பத்தோடு இருப்பவனானால் மனைவிக்கு இவ்வளவு, ஏழு வயதுக் குழந்தைக்கு அதற்குக் குறைவாக இவ்வளவு. இன்றைக்கு இத்தனை பேர் செங்கல் அறுத்தார்கள், இத்தனை பேர் தீவனப்புல் வெட்டினார்கள். யாருக்குத் தலைவலியும் குளிர்காய்ச்சலும், யாருக்குக் கைகால் தூக்க முடியவில்லை, யார் மருந்து குடித்தும் குணமாகவில்லை. வந்தவர்களில் பலர் ஆயிரக்கணக்கான லீ தொலைவிலுள்ள உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து கட்டாயப் பணிக்கு வந்த குடியானவர்கள். கையில் காசில்லாமல் தங்கள் மேலங்கியைக் கடனுக்கு விற்றிருக்கிறார்கள். சாட்சிகள் பெயரோடு, அந்தச் சாட்சிகளுக்கு வாங்கிக்கொடுத்த மதுவின் அளவோடு, பத்திரம் இருக்கிறது. ஒரு கோபுரத்தின் தளவாடப் பட்டியலில் ஆட்டுத்தலை அளவுள்ள எறிகற்கள் 500, நாய் இரண்டு, நாய்க்கூண்டு இரண்டு. இலையுதிர்காலத்தில் அதிகாரிகளுக்கு வில்தேர்வு: பன்னிரண்டு அம்பில் ஆறு பட்டால் தேர்ச்சி, ஆறுக்கு மேல் பட்ட ஒவ்வொன்றுக்கும் பரிசாக, செய்த பணிக்காலக் கணக்கில் பதினைந்து நாள் கூட்டி எழுதப்படும். எழுதப் பழகியவர்கள் துண்டைச் சீவிச் சீவி மறுபடி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீவல்கள்கூடக் குப்பையில் அப்படியே கிடந்தன. சிறுவர்கள் எழுத்துப் படிக்கும் பாடநூலின் வரிகள் அதில் இருக்கின்றன. எல்லைக் காவலில் நின்றுகொண்டே ஒருவன் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறான்.

1974-இல் கிடைத்த பதினேழு துண்டுகளில் தீக்குறி விதிகள் முழுதாக இருக்கின்றன. பகலில் எதைத் தூக்குவது, இரவில் எத்தனை பந்தம், எதிரி எத்தனை பேர் என்றால் எத்தனை விறகுக் குவியலைக் கொளுத்துவது என்று வரையறை. நம் ஊர்க் கிணற்று ஏற்றம் போன்ற ஒரு நீண்ட கழியின் முனையில் கூடையைக் கட்டி உயர்த்துவார்கள். காற்றும் மழையும் அடித்துத் தீக்குறி காட்ட முடியாவிட்டால், செய்தியை எழுதி ஓடியும் குதிரையிலும் உடனே கொண்டுபோக வேண்டும். தவறுதலாகத் தூக்கிவிட்டால் உடனே இறக்கி, தீயை அணைத்து, தவறு நடந்ததை எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காவல் காக்கும் மனிதன் சில சமயம் கலங்கிப்போவான் என்று தெரிந்த யாரோ எழுதிய விதி.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது 'தியன்தியன்'. சுவரை ஒட்டி ஓர் அகலமான மணல் பட்டையைச் சமன்செய்து வைத்திருப்பார்கள். நாள்தோறும் ஒரு காவலன் தன் எல்லை முடியும்வரை நடந்து அந்த மணலைப் பார்ப்பான். எல்லைப் புள்ளியில் அடுத்த கோபுரத்துக்காரனைச் சந்தித்து, இருவரும் வந்ததற்கு அடையாளமாகக் குறிக்கட்டையில் வெட்டுப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். பதிவேட்டில் எழுதும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: ஆளோ குதிரையோ எல்லைமணலைக் கடந்து வெளியே போன, உள்ளே வந்த தடம் இல்லை. இப்படியே நாள்கணக்கில், மாதக்கணக்கில், ஒரே வாக்கியம். ஸ்டைன் அங்கே போனபோது, சுவருக்கு இணையாக ஒரு மெல்லிய பள்ளம் நேர்கோடாக ஓடுவதைச் சாய்ந்த வெயிலில் கண்டார். அந்தக் காவலர்கள் நடந்து நடந்து பதிந்த தடம் அது என்று அவர் முடிவுசெய்தார்.

அந்த வாக்கியத்தில் 'வெளியே போன' என்ற சொற்களை நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு தூக்கம் வரவில்லை. வெளியே போகிறவர் யார்? இதற்கு விடை வரலாற்றேட்டில் இருக்கிறது. கி.மு. 33-இல் சியோங்னு தலைவர் ஹுஹான்யே ஹான் அரசவைக்கு வந்து நட்புக் கொண்டு, இனி எல்லையை நானே பார்த்துக்கொள்கிறேன், உங்கள் காவலர்களை விலக்கிக்கொள்ளுங்கள் என்றார். அவையில் பலருக்கும் சம்மதம். ஹோ யிங் என்ற அதிகாரி மட்டும் கூடாது என்று பத்துக் காரணம் சொன்னார். அந்தப் பத்தில் பல, எதிரியைப் பற்றியவை அல்ல; சொந்த மக்களைப் பற்றியவை. முன்பு போரில் சிக்கித் திரும்பாதவர்களின் பிள்ளைகள் வறுமையில் வாடுகிறார்கள், வழி திறந்தால் தம் உறவினரைத் தேடி ஓடிவிடுவார்கள். எல்லைப்புறத்து அடிமைகள் துயரத்தில் தப்பியோட நினைக்கிறார்கள். சியோங்னுவிடம் வாழ்க்கை இனிமையாம், காவல்தான் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே, என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்வதாக அவரே அவையில் சொல்கிறார். பேரரசர் அந்த வாதத்தை ஏற்றார். காவல் நீடித்தது.

சுவருக்கு இரண்டு முகம் என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிடலாம். ஆனால் அந்த மணலைச் சமன்செய்தவன் எந்தக் காலடியைத் தேடினான் என்று எண்ணிப்பாருங்கள். வடக்கிலிருந்து வரும் குதிரைக் குளம்பையும் தேடினான்; தெற்கிலிருந்து இரவில் ஓடும் ஓர் அடிமைப்பெண்ணின் வெறும் பாதத்தையும் தேடினான். அவனும் ஊரைவிட்டுப் பிடித்துவரப்பட்டவன்தான். அவளைப் போல ஓட அவனுக்கும் ஆசை இருந்திருக்கும்.

கதவு திறந்த நாட்கள்

சுவர் தோற்றது என்கிறார்கள். 1644-இல் ஷான்ஹை வாசலைத் தளபதி வூ சான்குய் உள்ளிருந்து திறந்துவிட, மஞ்சு படைகள் வந்து மிங் ஆட்சியின் இடத்தில் அமர்ந்தன; அதுதான் எல்லோரும் சொல்லும் சான்று. உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1571. அதற்கு முன் 1449-இல் ஒரு மிங் பேரரசரே துமு என்னும் இடத்தில் ஓய்ராத் என்னும் மங்கோலியரின் படையிடம் சிறைப்பட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் நாம் படத்தில் பார்க்கும் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழத் தொடங்கின. 1550-இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பெய்ஜிங்கின் வாசல்வரை வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனார். அவர் பலகாலம் கேட்டது ஒன்றுதான்: எங்கள் குதிரைகளை வாங்கிக்கொண்டு உங்கள் துணியையும் தானியத்தையும் விற்க ஒரு சந்தை திறங்கள். மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1571-இல் ஒருவழியாக ஒப்புக்கொண்டு சந்தைகளைத் திறந்தார்கள். அந்த எல்லையில் கொள்ளை அடங்கியது. எவ்வளவு காலம், எத்தனை உயிர், அந்தச் சந்தைக்காகக் காத்திருந்து வீணானது! சுவர் இருந்ததனால் சந்தையை மறுக்கும் துணிவு வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1691-இல் குபெய்கோவில் சுவர் இடிந்துகிடக்கிறது, பழுதுபார்க்க வேண்டும் என்று ஒரு படை அதிகாரி விண்ணப்பித்தபோது, மஞ்சு மரபில் வந்த பேரரசர் காங்சி மறுத்தார். நாட்டைக் காப்பது நல்லாட்சியும் மக்களின் நிம்மதியும்தான் என்றார். சுவருக்கு வெளியே இருந்து வந்த மரபில் பிறந்தவருக்கு அதைச் சொல்வது எளிது என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். சொன்னாரே.

இப்போது மிங் சுவரில் நல்ல நிலையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செங்கல்லைக் கிராமத்தார் வீட்டுக்கும் பட்டிக்கும் எடுத்துப்போனார்கள். 2023-இல் ஷான்சி மாநிலத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போகும் தூரத்தைக் குறைக்க மண்வெட்டி இயந்திரத்தால் சுவரையே பிளந்து வழி போட்டுக் கைதானார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு உள்ளபடியே வலித்தது. அதைவிட, பாடாலிங்கின் வழவழப்பான படிகளில் லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும்போது, டுன்ஹுவாங்கின் அந்த நாணல் குவியலுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறதே என்பது வலித்தது. சின் ஷி ஹுவாங்கின் பெயர் ஏறாத கல் இல்லை. உப்பு மூன்று படி வாங்கியவன் பெயரைச் சொல்ல மரத்துண்டைத் தவிர வேறு நாதி இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சுவரின் நீளம், பேரரசர்களின் பெயர் எதிலும் அவருக்கு ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. மணலைச் சமன்செய்து காலடி பார்ப்பார்கள் என்றதும் நிமிர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்பதையே தினமும் எழுதினார்கள் என்றதும், "எழுதித்தானே ஆகவேண்டும்" என்றார். கைப்பேசியில் நாணல் குவியலின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கோபுரத்துக்கு எத்தனை பேர்?"

"மூன்று பேர், நான்கு பேர் அப்பா. சில இடங்களில் கொஞ்சம் கூட."

மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "மூன்று பேர் என்றால் ஒருத்தன் மணலைப் பார்க்கப் போயிருப்பான். ஒருத்தன் மேலே நிற்பான். மூன்றாமவன் சமைக்க வேண்டும். அதைத் தனி வேலையாகக் கணக்கில் எழுதினார்களா, இல்லை சும்மா இருந்தான் என்று எழுதிவிட்டார்களா?"

எழுதினார்கள். ஜுயானில் கிடைத்த வேலைப் பதிவுகளில், செங்கல் அறுத்தவர்களுக்கும் புல் வெட்டியவர்களுக்கும் பக்கத்திலேயே, அன்றன்றைக்கு ஒரு வரி இருக்கிறது: ஒருவர், சமையல்.

சொன்னேன். அப்பா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்படியானால் சரி" என்றார்.